பதினொரு விநாடி மௌனம்

'ஏழாவது ஜன்னல்' நாடகத்தை மேடையில் பார்த்தவர் எங்கள் ரசிகர் சங்கத்தில் ஒருவர்கூட இல்லை. நாடகப் பிரதியும் எங்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்த இசை நாடகத்துக்கு எந்தப் படம் உண்மையாக இருந்தது என்பதில் பதினான்கு பேருக்கும் சந்தேகம் கிடையாது. நாடகத்தை இரண்டு முறை படமாக எடுத்திருக்கிறார்கள். முதலில் வந்தது கறுப்பு வெள்ளை. முப்பது வருடம் கழித்து வந்தது கலர். கறுப்பு வெள்ளை காவியம், கலர் குப்பை. இதை முடிவு செய்துவிட்டுத்தான் சங்கத்தையே ஆரம்பித்தார்கள். அதன்பின் ஆறு வருடமாக ஞாயிறுதோறும் கூடி விவாதிக்கிறார்கள்.

கூடும் இடம் தலைவரின் பல் ஆஸ்பத்திரி. நோயாளிகள் காத்திருக்கும் அறையில், சொத்தைப் பல்லின் பெரிய படத்துக்குக் கீழே தலைவர் உட்காருவார். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தாலும் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்கு வாரத்தில் ஆறு நாள் பழக்கம். ஏழாவது நாளும் அதையே எதிர்பார்ப்பார்.

அப்பாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அப்பா கடைகளின் தராசையும் எடைக்கற்களையும் சோதிக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து கிராம் குறைந்தாலும் கல்லைப் பறிமுதல் செய்துவிட்டு வருவார். இப்போது பறிமுதல் செய்ய எதுவும் இல்லாததால் சங்கத்தில் இருக்கிறார். ஸ்பீக்கரைத் தூக்கிவரவும் படக்காட்சிகளை ஓட்டவும் நான் அவரோடு போவேன். பேசுவதில்லை.

சங்கம் கும்பிடுவது ஒரு மௌனத்தை. கறுப்பு வெள்ளைப் படத்தில் காதலன் தெருவைக் கடந்து போய்விடுவான். கதாநாயகி பாடி முடித்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலில் நிற்பாள். கையில் விளக்கு. இசை இல்லை, பேச்சு இல்லை, ஒரு சத்தமும் இல்லை. பதினொரு விநாடி. பிறகு விளக்கை அணைப்பாள். அந்தப் பதினொரு விநாடியில் தலைவர் கண்ணை மூடிக்கொள்வார். படம் பார்க்க வந்தவர் ஏன் கண்ணை மூட வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

கலர்ப் படத்தில் அதே இடத்தில் எதிர்வீட்டு மில் தொழிலாளர்கள் கூட்டமாகக் கேலிப் பாட்டுப் பாடுவார்கள். அதற்காகத்தான் அந்தப் படம் குப்பை.

கலர்ப் படத்துக்காகப் பேசுகிறவர் சங்கத்தில் ஒரே ஒருவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் 'கலர்' என்றே பெயராகிவிட்டது. அவரும் போன் எடுத்தால் "கலர் பேசறேன்" என்பார்.

"சார், எனக்கு ஒரே ஒரு டவுட்டு," என்று வாரா வாரம் ஆரம்பிப்பார். "அவ எதுக்கு விளக்கை அணைக்கிறா? ஒரு காரணம் வேணுமில்ல?"

"மனசு இருட்டாயிடுச்சு. அதான் காரணம்," என்பார் தலைவர். "உங்க கடைல நீங்களே ஒரு தடவை கண் டெஸ்ட் பண்ணிக்கோங்க கலர்."

எல்லோரும் சிரிப்பார்கள். கலரும் சிரிப்பார்.

அந்த மௌனத்தைப் பற்றி அப்பா ஒரு கட்டுரை எழுதினார். நாற்பத்து மூன்று பக்கம். நான்தான் டைப் செய்தேன். மௌனமும் பெண்ணும், மௌனமும் சுடரும், இயக்குநரின் குழந்தைப் பருவத் தனிமை என்று தனித்தனி அத்தியாயங்கள். அம்மா நான்கு பக்கம் படித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஒரு பொம்பளை பதினோரு செகண்டு பேசாம நின்னதுக்கு இவ்ளோ பக்கமா? நான் பதினோரு நாள் பேசாம இருந்தாலும் இந்த மனுஷன் உப்பு எங்கன்னுதான் கேப்பாரு."

வரும் ஞாயிறு அப்பா அதைச் சங்கத்தில் வாசிக்க வேண்டும். அது பிடித்திருந்தால் தலைவர் புத்தகமாகப் போடுவார், அப்பாவைச் செயலாளர் ஆக்குவார். அப்பா கண்ணாடி முன் நின்று வாசித்துப் பழகினார். நான்காம் பக்கத்தில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.

நான் வேலை செய்வது பழைய படச் சுருள்களைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றும் கூடத்தில். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, மூடிப்போன ஒரு தியேட்டரிலிருந்து தகர டப்பாக்கள் வந்தன. ஒன்றில் கறுப்பு வெள்ளை 'ஏழாவது ஜன்னல்' இருந்தது. ஆறாவது சுருளை மேசையில் விரித்தேன். பிலிமின் ஓரத்தில் ஒலி ஒரு வெள்ளைக் கோடாக ஓடும். சத்தம் இருந்தால் கோடு நெளியும். ஜன்னல் காட்சி வந்தது. கோடு நெளிந்துகொண்டே போனது.

எங்கள் அலமாரியில் இன்னொரு பிரதி உண்டு. டிவியில் வருவது, டிஸ்க்கில் விற்பது எல்லாம் அதிலிருந்து எடுத்தவைதான். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதே இடத்தில் கோட்டின்மேல் கறுப்பு மசி பூசியிருந்தது. பிரஷ் மயிரின் தடம்கூடத் தெரிந்தது. கீறல் விழுந்த இடத்தில் கரகரவென்று சத்தம் வராமலிருக்க அந்தக் காலத்தில் இப்படிப் பூசுவார்கள். பூசினால் சத்தமே வராது. இருநூற்று அறுபத்து நான்கு ஃபிரேம். பதினாறரை அடி. பதினொரு விநாடி.

புதிதாக வந்த சுருளின் ஒலியைப் போனில் ஏற்றிக்கொண்டு, புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். கலர்ப் படத்தைப் போலவே எதிர்வீட்டு ஆண்கள் கூட்டமாகப் பாடினார்கள்.

"ஜன்னலம்மா ஜன்னலம்மா, விளக்கை அணையம்மா! ஷிப்டு முடிச்ச கண்ணு ரெண்டும் கூசுதேயம்மா!"

பிறகு முதுகைக் காட்டி நிற்கும் கதாநாயகியின் குரல். "இதோ அணைச்சுட்டேன், தூங்கித் தொலைங்க!"

அம்மா சிரித்த சிரிப்பில் டம்ளர் உருண்டது. "இதுக்கா உங்க டாக்டர் ஆறு வருஷமா கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காரு?"

அப்பா சிரிக்கவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். மசியைப் பற்றிச் சொன்னேன். அளவைக் கேட்டார், சொன்னேன். தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஆபீஸ்ல தெரியும்பா. அடுத்த மாசம் இந்தச் சத்தத்தோடதான் வெளியிடப் போறாங்க."

"அது அடுத்த மாசம். நான் வாசிக்கிறது இந்த ஞாயிறு."

"தப்புன்னு தெரிஞ்சப்புறமுமா?"

"தப்பு இல்லம்மா. கட்டுரை மௌனத்தைப் பத்தி. மௌனம் இருந்துச்சுல்ல, இத்தனை வருஷம்?" என்று கை கழுவ எழுந்து போனார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வாசித்துவிட்டுப் போகட்டும், அதன்பிறகு அவரே சொல்லிக்கொள்வார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நன்றாகவே வாசித்தார். குறித்த இடங்களில் மூச்சு விட்டார். தலைவர் இரண்டு முறை கண்ணை மூடினார். இசை டீச்சர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். முடிந்ததும் கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. அப்போது கலர் கையைத் தூக்கினார்.

"சார், ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரே ஒரு டவுட்டு."

"வந்துட்டாரு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"இல்ல சார், கலர்ல வர்ற அந்த மில் ஆளுங்க பாட்டு, நாடகத்துலயே இருந்திருக்கலாமில்ல? வெளிச்சம் கண்ணுல அடிக்குதுன்னு அவங்க கத்துறாங்க, இவ அணைக்கிறா. நேர் கணக்கா இருக்கே?"

தலைவர் நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் அப்பாவின் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"கலர், உங்க ஃபிரேமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார். "உள்ள கண்ணாடிதான் இல்ல."

அறையே அதிர்ந்தது. இசை டீச்சருக்குப் புரை ஏறியது. கலர் வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தார். இந்த முறை சரியாக வரவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

கட்டுரையைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. ஸ்பீக்கர் என் போனோடு இணைந்துதான் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினேன்.

"ஜன்னலம்மா ஜன்னலம்மா..."

பாட்டும் கதாநாயகியின் குரலும் முழுதாக ஓடி முடிந்தன. "இது கறுப்பு வெள்ளையோட ஆறாவது சுருள். வேற பிரதி," என்றேன். மசியைப் பற்றியும் நான்கு வாக்கியத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கேட்டது.

"இது எப்பம்மா கெடச்சுது?" என்றார் தலைவர்.

"செவ்வாய்க்கிழமை."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கட்டுரையின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார்.

"நானே இப்பதான் கேக்கறேன்," என்றார்.

"பாருங்கய்யா, அப்பாவுக்கே சஸ்பென்ஸ் வச்சிருக்கு பொண்ணு!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சதுரச் சதுரமான வெள்ளை ஓடு. அப்பாவைத் தவிர, அவர் சொன்னது பொய் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தலைவர் யோசித்தார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆக, இயக்குநர் எடுத்தது இந்தக் கூத்தைத்தான். அவரும் சாதாரண ஆளுதான். அந்தக் கூத்துமேல மசி பூசினான் பாருங்க, பேரே தெரியாத ஒருத்தன், அவன்தான் கலைஞன்!"

"அடடா!" என்றார் இசை டீச்சர்.

"எங்க நிறுத்தணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஒரு பிரஷ்தான். ஒரே ஒரு பிரஷ்!"

"கீறல் சத்தத்தை மறைக்கத்தான் பூசுவாங்க," என்றேன். இந்த முறை யாருக்கும் கேட்கவில்லை.

பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மசி பூசியவருக்குச் சங்கம் மரியாதை செலுத்தும். புதிய ஒலியோடு வரும் படத்தைப் புறக்கணிக்கும். அப்பா செயலாளர். கட்டுரையில் 'இயக்குநர்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'மசி பூசியவர்' என்று மாற்றினால் போதும், புத்தகம் அச்சுக்குப் போகும். அப்பா எழுந்து நின்று கைகூப்பினார். கலர் எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவருடைய காப்பி அப்படியே இருந்தது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அப்பா பின்னால் உட்கார்ந்து, "கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல மாத்திடலாமில்ல?" என்றார். நான் வண்டியை வேகமாக விட்டேன். காற்றில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்.

மாலையில் அவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் மாற்ற ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை கூப்பிட்டார்.

"இங்க 'மசி பூசியவரின் குழந்தைப் பருவத் தனிமை'ன்னு வருது. சரியா இருக்குமா?"

சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள். "போட்டுடுங்க. அவரு வந்து இல்லன்னா சொல்லப் போறாரு?"

அப்பா திரையில் அந்தப் பக்கங்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். பிறகு அந்த அத்தியாயத்தை மட்டும் அழித்தார். நாற்பத்து மூன்று முப்பத்தாறு ஆனது.

"இப்பதான் கச்சிதமா இருக்கு," என்றார். "ஒரு பிரிண்ட் எடுத்துக் குடும்மா."

"கலர் அங்கிளுக்குப் போன் பண்ணுங்க. அவர் சொன்னது சரின்னு சொல்லுங்க. புதன்கிழமையே உங்களுக்குத் தெரியும்னும் சொல்லுங்க. அப்புறம் எடுத்துத் தர்றேன்."

அவரிடம் நான் நிபந்தனை போட்டது அதுதான் முதல் முறை. அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எடைக்கல்லை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். போன் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"அவரு ஜாலியான ஆளும்மா. அதெல்லாம் மனசுல வச்சுக்க மாட்டாரு," என்றார். பிறகு எழுந்து, "பென் டிரைவ் எங்க இருக்கு? டாக்டர் வீட்லயே எடுத்துக்கறேன்," என்று மேசை இழுப்பறையைத் திறந்தார்.