என் வீட்டுக்காரரின் ராத்திரி

நான் எட்டாவதுதான் படித்தவள். ஆனால் பொன்னேரி டாக்டர் கிரேஸ், என் நோட்டை நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். இது நடந்தது இந்த வருஷம், 2007-இல்.

என் வீட்டுக்காரர் ஹபிபுல்லாவுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்புக்கம்பி மில்லில் வேலை. என் மாமனார் நாற்பத்தெட்டு வயதில் ஒரு ராத்திரி படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. இவருக்கும் அப்போது நாற்பத்தெட்டு. டாக்டரிடம் இவரை இழுத்துக்கொண்டு போனேன். இவரோ, மில்லில் பார்க்கும்போதெல்லாம் பி.பி. சரியாக இருக்கிறது என்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பகல்ல சரியா இருந்துட்டு, தூக்கத்துல ஏறுற பி.பி.யும் உண்டு. பக்கவாதம் வரைக்கும் கொண்டு விட்டுடும். ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்லயே பாருங்க," என்றார் டாக்டர். என் தம்பி ரஃபி துபாயிலிருந்து கொண்டுவந்த பி.பி. மிஷின் வீட்டில் இருந்தது.

அந்த வாரம் இவருக்கு நைட் ஷிப்ட். மிஷினைச் சாப்பாட்டுப் பையில் போட்டு மில்லுக்கே கொண்டுபோய், ரெண்டு மணிக்கு உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார் மகராசன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தூங்கறப்போ பாக்கத்தானே சொன்னாங்க? நீங்க தூங்குறது பகல்ல. உங்க ராத்திரி பகல் பதினோரு மணிக்குத்தான்."

"பட்டப்பகல்ல ராத்திரி பி.பி. எடுக்கறியா? மில்லுல கேட்டா சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். நாஷ்டா துன்னுட்டுப் படுங்க."

எட்டு மணிக்குப் படுப்பார். அதற்குமுன் இடது கையில் மிஷினின் பட்டையைச் சுற்றிவிடுவேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். கூவ வந்த மீன்காரியின் வாயைத் தெருமுனையிலேயே அடைத்தேன். பதினோரு மணிக்குப் பட்டனை அழுத்துவேன். ஆறு நாளும் நூற்றைம்பதுக்குக் குறையவில்லை. இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், நான் ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினேன்.

"தூங்கும்போது இறங்கணும், இவருக்கு இறங்கவே இல்ல. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது," என்று நோட்டைப் பார்த்துச் சொன்ன டாக்டர் மாத்திரை எழுதினார். "பகல்ல பாக்கச் சொன்னது யாரு?"

"நானேதான்," என்றேன். சத்தமாகவே சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது?

இப்போதெல்லாம் தூக்கத்தில் நூற்றுப் பதினாறைத் தாண்டுவதில்லை. சிரிப்பார்கள் என்று இவர் சொன்ன அதே மில்லில் வேலை பார்க்கும் சுப்பிரமணி அண்ணனின் மனைவி, எப்படி எழுதுவது என்று கேட்டு நோட்டோடு வந்தாள்.

நேற்று இவருக்கு நாற்பத்தொன்பது பிறந்தது. காலையில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர், நான் கேட்காமலே இடது கையை நீட்டினார்.

"பதினோரு மணிக்கு மறந்துடாத, பானு."

நானா மறப்பேன்?