நாலாம் வார்டின் வாசல்

இந்தப் படியில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். அதுவும் முழங்காலை மடக்கிக்கொண்டால். கடவுளே, இதை யாரும் அகலப்படுத்திவிடக் கூடாது.

சமையலறைக்குப் பின்னால், சந்துப் பக்கம் பார்த்த சிமெண்ட் படியில் டீயுடன் உட்கார்ந்து அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் முன்னறையிலிருந்து நகர்மன்றத் தலைவரின் குரல் கேட்டது. "நம்ம நாலாம் வார்டு எங்க? குடி முழுகிப் போச்சும்மா!"

அவள் நாலாம் வார்டு உறுப்பினர். ஊரில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. காய்கறிக்காரர்கூட "நாலாம் வார்டுக்கு ஒரு கிலோ தக்காளி" என்றுதான் நிறுப்பார். வீட்டுக்குள் வந்தால் மருமகள், மனைவி, அம்மா. காலையில் இந்தப் படியில் உட்காரும் கொஞ்ச நேரம் மட்டும் அவள் எதுவுமாக இல்லை. அது பிடித்திருக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் துணைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

தலைவர் வரைபடத்தை விரித்தார். வார்டு எல்லைகளை மாற்றப் போகிறார்களாம்; மன்றத்தின் கருத்தைக் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. புதுக் கோடு நேராக அவள் வீட்டின் மேலேயே போயிற்று. முன்னறை ஐந்தாம் வார்டு, சமையலறை நாலாம் வார்டு. இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட வீட்டுக்கு, வாசல் எந்தப் பக்கமோ அந்த வார்டு என்று விதி. குடியிருக்கும் வார்டில்தான் தேர்தலில் நிற்கலாம் என்று இன்னொரு விதி. ஐந்தாம் வார்டு மளிகைக்கடை மீசைக்காரருடையது. போன முறை அவரை எதிர்த்து நின்றவர் இப்போது அவர் கடையிலேயே பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பதில் அனுப்ப மன்றம் கூடியது. கோட்டைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லலாம் என்றார் தையல்கார உறுப்பினர். நகர்த்தினால் தலைவரின் மச்சான் வீடு வேறு வார்டுக்குப் போய்விடும்.

"கோடு அங்கயே இருக்கட்டும்யா. வாசலை நகர்த்துவோம்" என்றார் தலைவர்.

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அவளும் தட்டினாள். சுற்றியிருப்பவர்கள் தட்டும்போது கை நம்மைக் கேட்பதில்லை. உறுப்பினரின் வீட்டு வாசல் நெடுங்காலமாகப் பின்சந்தில்தான் இருக்கிறது என்று பதில் போயிற்று. அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்று மறுபதில் வந்தது.

அன்றே முன்கதவை அடைத்துக்கொண்டு பீரோ நின்றது. கதவு எண் பலகையைக் கணவர் கழற்றிவந்து சமையலறைக் கதவில் அடித்தார். பழக்கம் வர வேண்டும் என்று எல்லோரும் பின்பக்கமாகவே வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போனார்களா? தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்தவர் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கி, "உப்பு கம்மி போலயே" என்றார். தையல்காரர் தாளிக்கும் நேரம் பார்த்து வந்து தும்மினார். மாமியாருக்கோ ஒரே குஷி. நாற்காலியைச் சமையலறை நடுவில் போட்டுக்கொண்டார்.

"முன்னறையில ஒண்டியா உக்காந்து என்னத்தக் கண்டேன்? இங்க ஊரே வருது!"

படி முழுக்கச் செருப்பு. அவள் டீயை நின்றுகொண்டே குடித்தாள். குடித்த மாதிரியே இல்லை.

"அப்புறம் இந்தப் படி" என்றார் கணவர், காலால் தட்டிப் பார்த்து. "வாசல் மாதிரியா இருக்கு? அதிகாரி வந்துட்டுப் போகட்டும், இடிச்சிட்டு அகலமாக் கட்டிடலாம். நாலு பேர் உக்காரலாம்."

நாலு பேர். அவள் மீதி டீயைத் தொட்டியில் கொட்டினாள். ஒரு படிக்காகவா இப்படி என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆமாம், ஒரு படிக்காகத்தான்.

அதிகாரி வந்த அன்று மன்றமே சமையலறையில் நெருக்கியடித்து நின்றது. டொக் டொக் என்று முன்கதவில் சத்தம். தலைவர் உதட்டில் விரல் வைத்தார்.

"யாரோ வாசல் கதவைத் தட்டுறாங்க பாரு!" என்று கத்தினார் மாமியார்.

தலைவர் சந்து வழியாக ஓடி அதிகாரியைக் கையோடு அழைத்துவந்தார். ஒல்லியான மனிதர். செருப்புகளைத் தாண்டிப் படியேறி, அடுப்பையும் சட்டியையும் பார்த்தார். தோளில் பட்ட ஈரக் கரித்துணியை எடுத்துக் கொடியில் போட்டார்.

"இதுதான் வாசலா?"

"ஆமாங்க!" என்றது மன்றம்.

"அவங்க சொல்லட்டும்."

தலைவர் அவள் காதருகே குனிந்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி. சீட்டு உனக்குத்தான். இல்லேன்னா மீசைகிட்ட பொட்டலம் கட்டப் போகணும்."

அவள் அடுப்பிலிருந்த டீயை நிதானமாக வடிகட்டிக்கொண்டாள்.

"இல்லீங்க" என்றாள். "இது பின்பக்கம். வாசல் அங்க இருக்கு, பீரோவுக்குப் பின்னாடி."

கணவரின் கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது. தலைவர் பின்வாங்கிப் படியில் இறங்கி நின்றார். "யோசிச்சு சொல்லும்மா. இன்னொரு தடவை கேப்பாரு..."

அவள் செருப்புகளைக் காலால் ஒதுக்கினாள்.

"கொஞ்சம் நகருங்கண்ணே. நான் உக்காரணும்."