பன்னிரண்டு வீட்டுப் பரிசோதனை

நான் இரசாயனவியல் பட்டதாரி. இதை யாரும் கேட்காமலே சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. மீன்காரரிடம்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். நான்கு வருடம் அரச வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய், எலுமிச்சை என்கிற தேசிக்காயின் தோலிலிருந்து எண்ணெய் இறக்கி, உடம்புக்குத் தேய்த்துக் குளிக்கும் திரவம் ஒன்றைச் செய்தேன். நான் அதை ‘பொடி வோஷ்’ என்றேன். காத்தான்குடியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் அதை ‘இர்ஷானாட ஷம்போ’ என்றது.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் முகாமையாளர் தனுஷியாவுக்கு அது பிடித்துப்போனது. “மூண்டு மாசம் வாசம் மாறாம நிக்குமெண்டு காட்டுங்க, எல்லா அறைக்கும் எடுக்கிறன்” என்றார். அப்போதுதான் என் கணவர் ஹில்மி கட்டாரிலிருந்து நான்கு மாத லீவில் வந்திருந்தார். ஓடர் கிடைத்தால் அவர் திரும்பிப் போகத் தேவையில்லை. அந்த மனுசன் வீட்டோடு இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் தேசிக்காய் எண்ணெய் கெட்டுவிடும் என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவள். அப்படிப்பட்ட நான், நிறம் வடிவாகத் தெரிய வேண்டுமென்று பளிங்குபோல உள்ளே தெரியும் போத்தலில் அதை அடைத்தேன். ஆய்வுகூடம் இல்லாததால் ஒழுங்கையில் பன்னிரண்டு வீடுகளுக்குப் போத்தலும் படிவமும் கொடுத்தேன். குளிக்கப் பாவித்துப் பார்த்து, வாராவாரம் வாசனைக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும்.

மூன்று மாதமும் பத்து, பத்து, பத்து. சந்தேகப்பட வேண்டியவள் நான். பதிலாக உட்கார்ந்து வரைபு கீறினேன். அளவுகோலால் இழுத்த மாதிரி நேர்கோடு. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று ஹில்மியிடம் கேட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தனுஷியா படிவங்களைப் புரட்டிவிட்டு, “பாவிச்ச போத்தல் ஒண்டக் கொண்டுவாங்களன்” என்றார்.

பக்கத்து வீட்டு றஸீனாவிடம் போனேன். என் போத்தல் ஷோகேஸுக்குள், டுபாய்க் கோப்பைகளுக்கு நடுவில், மூடி திறக்காமல் நின்றது. “இவ்வளவு வடிவான சாமானக் கிணத்தடியில வைக்கலாமாகா?” என்று என்னையே கேட்டாள். அடுத்த வீட்டிலும் ஷோகேஸ். அதற்கடுத்த வீட்டில் மகளின் கல்யாணத்துக்கென்று அலுமாரியில் பூட்டியிருந்தார்கள். பதினொரு வீட்டில் என் விஞ்ஞானம் விருந்தாளிக்காகக் காத்திருந்தது. கோபப்பட எனக்கு வாயில்லை. என் கல்யாணத்துக்கு வந்த வாசனைச் சவர்க்காரப் பெட்டி இன்னும் என் ஷோகேஸில்தான் இருக்கிறது.

ஒருவர் மட்டும் பாவித்திருந்தார்: ஹில்மியின் உம்மா, ஸைனம்பு மாமி. கிணற்றடி மதிலில் வெயில் குடித்துக் கலங்கிப்போய் நின்றது பாதிப் போத்தல். திறந்தேன். பெயின்ற் கரைக்கிற தின்னர் மணம் மூக்கில் ஏறியது.

“மாமி, இதுக்கு எப்பிடிப் பத்துப் போட்டீங்க?”

“எண்ட மகன் போகாம நிக்கட்டும் எண்டுதான், மகள், போட்டன்” என்றார்.

மூன்று மாதமாக அந்த நாற்றத்தில் குளித்திருக்கிறார். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து இருவருமே அழுதோம்.

மூடி திறக்காத றஸீனாவின் போத்தலில் பாதியைக் கீழே ஊற்றிவிட்டுக் கொண்டுபோனால் ஓடர் கையில். அதையும் யோசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் இந்தத் தின்னரை முன்பின் தெரியாத ஒருவர் உடம்பில் தேய்ப்பதை நினைக்கக் கூசியது. மாமியின் போத்தலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். தனுஷியா மணந்து பார்த்து உடனே மூடினார். “சரியா வந்தாப் பிறகு வாங்க தங்கச்சி.”

அடுத்த மாதம் ஹில்மி கட்டாருக்குப் போனார். பெட்டிக்குள் புதிய கலவை ஒன்றை, இம்முறை கடும் மண்ணிறப் போத்தலில், கழுத்துவரை நிரப்பி வைத்தேன். கூடவே படிவம். கட்டார் வெயிலைவிட நல்ல ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது?

முதல் வாரப் படிவத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மாமி பெற்ற பிள்ளைதானே, பத்துத்தான் இருக்கும் என்று திறந்தேன். நாலு என்று போட்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: “லேசாத் தின்னர் மணக்குது. திரும்பச் செய் இர்ஷா. எனக்கு வீட்ட வரணும்.”