நேற்றைய தேதி

1

இந்தக் கதை இன்று காலை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியது என் தங்கை. பாதுகாப்பு அமைச்சகத்தில் துணைச் செயலாளர். சீருடை கிடையாது, துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் முகாமிலிருந்து ஒரு படை லாரி நகருக்குள் வர வேண்டுமென்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். முதலில் கையெழுத்து, பிறகுதான் லாரி. (அவளை 'லாரி மகாராணி' என்று எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.)

2

தொடக்கம்: 'கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த கர்னல்—'

இல்லை. தட்டினாராம். அனுமதி கேட்டுத்தான் உட்கார்ந்தாராம். லாரிகள் விடியும்போதே பாலத்தைத் தாண்டி நகருக்குள் வந்துவிட்டன. அவள் கையெழுத்துக்கான கோப்பு இப்போதுதான் வந்திருக்கிறது.

"நேத்துத் தேதி போட்டுடுங்க மேடம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்."

அமைச்சருக்கு ஆறு முறை ஃபோன் அடித்திருக்கிறாள். மணி போகிறது, எடுக்கவில்லை. செயலாளரின் அறை பூட்டிக் கிடக்கிறது.

3

கர்னலை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பேனாவை நீட்டும்போது அவரும் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாராம்.

அவள் நேற்றைய தேதியில் கையெழுத்துப் போட்டால், படையை வரச் சொன்னது அரசாங்கம் என்றாகிவிடும். போடாவிட்டால், படை தானாகவே கிளம்பி வந்தது என்பதற்கு அவள் ஒருத்திதான் சாட்சி. [சாட்சிகளுக்கு என்ன ஆகும் என்று ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.]

4

முடிவு அ: அவள் கோப்பை மூடிவைத்து

முடிவு ஆ: பேனாவை வாங்கி

இரண்டும் பாதியில் நிற்கின்றன. நடந்ததை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, அவள் என்னை அழைத்தாள்.

"என்ன பண்ணட்டும் அண்ணா?"

பதினான்கு கதைகளில் தைரியத்தைப் பற்றி எழுதியவன் நான்.

"போட்டுடும்மா. குழந்தைய நெனச்சுக்கோ."

"நீ இப்படிச் சொல்லுவேன்னு நெனைக்கல" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு எடுக்கவில்லை.

5

இப்போது எங்கள் தெருமுனையில் ஒரு லாரி நிற்கிறது. உத்தரவோடு வந்ததா, இல்லாமலா, பார்த்துச் சொல்ல முடியாது. அதிலிருக்கும் வீரர்களுக்கும் தெரிந்திருக்காது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அவளை உங்கள் தங்கையாக நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். நான் சொன்னபடி அவள் செய்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். செய்திருக்க வேண்டும் என்றும்.