முதல் பந்தியில் கொண்டல்சாமி தாத்தா

எங்கள் வீட்டில் யார் மாத்திரை விழுங்கினாலும் அதை முதலில் சாப்பிடுவது எங்கள் கொள்ளுத்தாத்தா கொண்டல்சாமிதான். அவர் எங்கள் எல்லோருடைய ஈரலிலும் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார். உயிரோடிருந்த காலத்தில் கோவில்பட்டியில் எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியை அவர் விட்டதில்லையாம். இறந்த பிறகும் பழக்கம் போகவில்லை. காய்ச்சல் மாத்திரையை அவர் சாப்பிட்டால் நாங்கள் கண்டுகொள்வதில்லை. காய்ச்சல் தானாகவே போய்விடும்.

கலாவின் விஷயம் அப்படியில்லை. கலா என் தங்கை. பெண்கள் பள்ளியில் ஹாக்கி சொல்லித் தருகிறவள். அவள் நெஞ்சில் அம்மாவின் அத்தை சின்னத்தாயம்மாள் இருக்கிறார், பாதி வாழ்நாளைச் சுவரைப் பார்த்துப் படுத்தே கழித்தவர். என் நெஞ்சிலும் அவர் இருக்கிறார். ஆனால் என்னிடம் தூங்குகிறார். அப்பா இறந்த மழைக்காலத்தில் கலாவிடம் விழித்துக்கொண்டார். அன்றிலிருந்து கலாவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

உள்ளூர் டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையைத் தாத்தா சாப்பிட்டார். அளவைக் கூட்டினார்கள். அதையும் சாப்பிட்டுவிட்டுப் பாடத் தொடங்கினார். கலாவின் விலாவில் காதை வைத்தால் நன்றாகக் கேட்டது.

"எல்லாருக்கும் கேக்குற மருந்து இவளுக்கு மட்டும் எப்படிக் கேக்காம போகும்? அவ மனசு வைக்கணும்," என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிமாறாத இலையின் முன்னால் இருப்பவளிடம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

ஒரு நாள் கலாவே கேட்டாள்: "அண்ணே, நாந்தான் வேணும்னே படுத்துக் கிடக்கேனா?"

அன்றைக்கே அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். அங்கே மனநல டாக்டர் செண்பகவல்லி ஸ்டெதாஸ்கோப்பைக் கலாவின் வலது விலாவில் வைத்தார்.

"ஏப்பம் விடுறார். அப்பா வழியா?"

"ஆமா டாக்டர். அப்பாவோட தாத்தா. நெஞ்சுல முழிச்சிக்கிட்டது அம்மாவோட அத்தை, சின்னத்தாயம்மாள்."

"நல்ல சாப்பாட்டுக்காரர்," என்று சொல்லி, கலாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தோம். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்தார். வெள்ளையை வைத்த கையோடு தாத்தா காலி செய்தார். ரோஸ் நிறத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நீலத்துக்கு விரலை நக்கினார்.

"அப்ப இது நான் செஞ்சது இல்லியா டாக்டர்?" என்றாள் கலா.

"நீ எங்கம்மா செஞ்ச? உன் பந்திக்கு ஒரு பருக்கைகூட வந்து சேரலியே."

கலா அழுதாள். அந்த அழுகை எனக்குப் பிடித்திருந்தது.

மஞ்சள் மாத்திரையை வைத்தபோது தாத்தா முகர்ந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இலையை மூடினார்.

"எந்திரிச்சிட்டார்," என்றார் டாக்டர். நானும் அவரும் கைகுலுக்கிக்கொண்டோம். "ஆனா உடனே தெரியாது. சின்னத்தாயம்மாள் மெதுவாத்தான் கண்ணசருவாங்க. வாரக்கணக்குல ஆகும். விடாம போடணும்."

மஞ்சள் மாத்திரை தாத்தாவைத் தாண்டி, யாரும் தொடாமல், மேலே போனது. முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மத்தியானம் குழம்பில் உப்பில்லை என்று கலா அம்மாவிடம் சண்டை போட்டாள். அப்படிச் சண்டை போட்டு எத்தனை காலமாகிவிட்டது. அம்மா அழுதுகொண்டே போய்க் கடலைமிட்டாய் வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். சொந்தக்காரர்களுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாவற்றையும் அவர்கள் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

அடுத்த வாரம் கலா தானாகவே எழுந்து, குளித்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் அம்மாவும் பின்னாலேயே போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது.

"விடியுறதப் பாக்கலாம்னு வந்தேன். லேட்டாயிருச்சே," என்றாள்.

சூரியன் வந்த வழியே இறங்கிப் போய், முதலிலிருந்து உதித்தது. கலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். தெருவில் பால்காரர் மறுபடியும் மணியடித்தார். அம்மா இன்னொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.