பத்திரிகை அடிக்காத சாவு

நேற்று மாலை மாண்ட தந்தை பச்சியப்பனின் தாடைக்கட்டு தளர்ந்திருந்தது. வீரமணி அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. தையல் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து ரேவதி.

“சார், கேக்கவே மனசு வரலீங்க. லீவு பதிய கருமாதிப் பத்திரிகை வேணும். நீங்க போட்ட ரூல்தானுங்க.”

ஆம், அவன் போட்ட விதிதான்! ஒரே தாத்தாவை இருமுறை சாகடித்து விடுப்பெடுத்த ஒருவனைப் பிடித்த அன்று, தன் மேற்பார்வையில் உழைக்கும் நூற்றிருபது பேரின் துக்கத்துக்கும் அச்சிட்ட அத்தாட்சி கேட்டான் அவன். பொய்யன் ஒருவன், தண்டனை எத்தனை பேருக்கு? அதை அன்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

சித்தேரி மலையிலிருந்து வந்து தைக்கும் காவேரி, மாமியார் இறந்த ஐந்தாம் நாள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

“எங்க மலையில ஆளு போயித்தான் சாவு சொல்லுவோமுங்க சார். பத்திரிகை அடிக்கறதில்லீங்க.”

“அடிச்சிட்டு வா. அதுவரைக்கும் வராத.”

மூன்று வாரமாக அவளுடைய தையல் எந்திரம் உறை போட்டே கிடக்கிறது.

வெளியே பறை முழங்கியது. பந்தலுக்குள் சம்பங்கி மாலையோடு நுழைந்தவள் காவேரி! நேரே சென்று அவன் தாயின் கைகளைப் பற்றி அமர்ந்தாள்.

“அழுவுங்க ஆத்தா. அடக்காதீங்க.”

விடிந்ததிலிருந்து வாய் திறவாத தாய், அவள் தோளில் சாய்ந்து கதறினாள்.

வீரமணி அருகே சென்றான். “உனக்கு யாரு சொன்னாங்க?”

“ரேவதிக்கா போன் பண்ணுச்சுங்க. மொத பஸ்ஸுல எறங்கிட்டேன்.”

“நான் உன்னெ…”

“அதுக்கும் இதுக்கும் என்னங்க சார்? போங்க, தலமாட்டுல வெளக்கு அணையப் போவுது.”

எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பி வந்தான்.

“உங்க மாமியார் பேரு என்னங்க?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “சின்னபொண்ணுங்க.”

அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் பேசினான்.

“ரேவதி, எழுதிக்க. காவேரி மாமியார் சின்னபொண்ணு தவறிட்டாங்க. இதுவரைக்கும் வராததெல்லாம் லீவு. நாளைக்கு அவங்க மெஷின் உறைய எடுத்து வையி.”

“பத்திரிகைங்க சார்?”

“இனிமே யாருகிட்டயும் கேக்காத. கேட்டவன் நான், மேல நான் பேசிக்கறேன்.”

காவேரி அவன் தாயின் முதுகைத் தடவிய கையை எடுக்காமலேயே, பாயில் சற்று நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.