என்னைக் கொன்ற கடிதம்

நான் செத்துப்போன விஷயம் எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத்தான் தெரியவந்தது. அப்போது ஒரு அலுவலகத்து வரவேற்பறையில், மகளின் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு வலிக்கிறதே என்று நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறேன். முதுகுவலியைத் தவிர வேறு நோய்நொடி கிடையாது. என் மகளுக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பல இடங்களிலிருந்து வரும் தண்ணீர்ப் புட்டிகளைச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று அறிக்கை எழுதித் தருவாள். தண்ணீரைச் சுத்திகரிக்கிற மேற்படிப்பு ஒன்று வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, முழுக்க முழுக்க பிரெஞ்சில்தான் நடத்துகிறார்கள் என்று எங்கேயோ தேடிக் கண்டுபிடித்தாள்.

"அந்த பாஷை உனக்குத் தெரியாதேம்மா" என்றேன்.

"தெரிஞ்சுக்கறேன்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு வருஷம். காலை ஆறரைக்கு வகுப்பு, அது முடிந்து அப்படியே வேலைக்கு. வகுப்பு நடந்தது ஒரு நகலெடுக்கும் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில். வீடு முழுக்கத் துண்டுச்சீட்டு ஒட்டிவிட்டாள். கதவில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று, என் சாப்பாட்டு டப்பாவின் மூடியில்கூட ஒன்று. அந்த மொழியில் ஒவ்வொரு பொருளும் ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்க வேண்டுமாம். மேசை பெண், நாற்காலியும் பெண் என்று அவள் மனப்பாடம் செய்வதைக் கேட்டு அவள் அம்மா, "சாப்பாடு வைக்கவும் பொம்பளை, ஏறி உட்காரவும் பொம்பளையா? நல்லா இருக்குடி உன் பாஷை" என்றாள். அதில் ஒரு எழுத்தைத் தொண்டைக்குள்ளிருந்து சொல்ல வேண்டும். குளியலறையில் அவள் பழகும்போது, பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாக, "பிள்ளைக்கு இருமலா?" என்று விசாரித்தார்.

மொழித் தேர்வில் முதல் தடவை, ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் கோட்டைவிட்டாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு வானொலி கேட்க ஆரம்பித்தாள். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, பேருந்தில் போகும்போது என்று எந்நேரமும் அதுதான். இரண்டாம் தடவை தேறிவிட்டாள்.

விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வைக்க வேண்டும். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறேன் என்று பிரெஞ்சில் சொந்தமாக எழுத வேண்டும். பதினோரு தடவை அடித்து அடித்து எழுதினாள். எழுதியதை எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். 'குடிக்கத் தகுதியில்லை' என்று மூன்று முறை அறிக்கை கொடுத்திருக்கிறாள். நான்காவது முறையும் அதே தொட்டியிலிருந்து அதே அழுக்கோடு புட்டி வந்தது. எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடக் கூடாது, அந்தத் தொட்டியைச் சரிசெய்யவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். கேட்டுவிட்டு அவள் அம்மா எழுந்து போய்விட்டாள். கண் கலங்கினால் அவள் அப்படித்தான் செய்வாள்.

இணையத்தில் விண்ணப்பிப்பது சிக்கலான காரியம், ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் பயமுறுத்தினார்கள். அதனால் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்துக்குப் போனாள். அதை நடத்துகிறவர் கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். வீட்டில் நாங்கள் அவரைக் கோட்டுக்காரர் என்றே சொல்வோம். கடிதத்தை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா. நீங்க நிம்மதியா இருங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றார். நாலைந்து காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லையும் அவரே வைத்துக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த நாட்டு மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் நேர்காணல். அறைக்குள் ஒரு அதிகாரி அம்மா. எதிரே திரையில், அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். உள்ளே நடந்ததை மகள் பிற்பாடு சொன்னாள். முதல் ஐந்து நிமிஷம் நன்றாகத்தான் போயிருக்கிறது. பிறகு பேராசிரியர் குரலைத் தாழ்த்தி, "உங்கள் தந்தையின் மறைவுக்கு வருந்துகிறேன். அப்போது உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்டிருக்கிறார்.

இவளுக்குத் தன் காதின் மேல்தான் சந்தேகம். மறுபடியும் ஒலிப்பதிவில் கோட்டைவிட்டது போல ஆகிவிட்டதோ என்று பதறி, திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "'அசுத்தமான தண்ணீரைக் குடித்து என் அப்பா என் மடியிலேயே உயிரை விட்டார்' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே."

"நான் அப்படி எழுதல."

"கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. இந்த வருஷம் எங்களுக்கு இதே கடிதம் ஒன்பது பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஒன்பது அப்பாக்களும் மகன் மடியிலோ மகள் மடியிலோதான் இறந்திருக்கிறார்கள்."

கதவு திறந்தது. என் மகள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. காது மடல்வரை சிவந்திருந்தது.

"அப்பா, கொஞ்சம் உள்ள வாங்க."

"நானா? எனக்கு அந்த பாஷை..."

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உயிரோட வந்து நின்னாப் போதும்."

போய் நின்றேன். ஒன்றும் புரியவில்லை. சும்மா நிற்பது மரியாதையில்லை என்று தோன்றியதால், அந்த மொழியில் வணக்கத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே சொல்லான "போன்ழூர்" என்றேன். திரையிலிருந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மகள் என் பக்கத்தில் நின்றபடியே பேச ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் பேசியிருப்பாள். அந்த மொழி எனக்குத் தெரியாவிட்டாலும், பள்ளிக்கூடத்துத் தொட்டியைப் பற்றிச் சொல்கிறாள் என்று தெரிந்தது. கையால் தொட்டியின் உயரத்தைக் காட்டினாள். நான்கு விரலை நீட்டினாள். கோபம் ஏற ஏற அவள் பேச்சு தெளிவாகிக்கொண்டே போனது. அந்தத் தொண்டை எழுத்து ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பேராசிரியர் குறித்துக்கொண்டார். முடிவைப் பிறகு தெரிவிப்பதாக அதிகாரி அம்மா சொன்னார்.

வெளியே வந்து முழுக் கதையையும் அவள் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இரண்டாவது படியில் கால் வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அடித்து அடித்து எழுதிய அந்தப் பதினோரு கடிதங்களும் ஞாபகம் வந்தன.

நேரே கோட்டுக்காரர் அலுவலகத்துக்குப் போனோம். காத்திருக்கும் இடத்தில் ஏழெட்டு மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வணக்கம் சார்" என்று கோட்டுக்காரர் எழுந்தார்.

"வணக்கமெல்லாம் இருக்கட்டும். செத்தவன் வந்திருக்கேன். கொஞ்சம் உக்காரலாமா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஒரு நிமிஷம்தான். உடனே சமாளித்துக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா எழுதினது ரொம்ப வறட்சியா இருந்துச்சு. தொட்டி, புட்டி, அறிக்கைன்னு. படிக்கறவங்களுக்கு ஒரு உருக்கம் வேணாமா? உயிரோட இருக்கற அப்பாவை வச்சுக்கிட்டு என்ன சார் எழுத முடியும்?"

வாழ்க்கையில் நான் ஒருவரையும் கை நீட்டி அடித்ததில்லை. நெரிசலில் குறுக்கே பாய்கிறவர்களைக்கூட வாயால் திட்டுவதோடு சரி. அன்றைக்குக் கை தானாக எழுந்தது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கடிதத்தைத் தூக்கிப் போட நீங்க யாரு?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "என் பேர்ல பொய் சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கடவுச்சொல்லைக் கொடுங்க. இப்பவே."

"அதெல்லாம் நடைமுறைப்படிதான்மா..."

"சரி" என்று திரும்பி, காத்திருந்தவர்களைப் பார்த்தாள். "உங்க பேர்ல போன கடிதத்தை நீங்க யாராவது படிச்சீங்களா?"

ஒருவரும் படித்திருக்கவில்லை. ஒரு பையன் கைபேசியில் கோட்டுக்காரர் அனுப்பிய பிரதி மட்டும் இருந்தது. அதை வாங்கி வரிவரியாகத் தமிழில் சொன்னாள். அப்பா மடியில் உயிரை விட்ட இடம் வந்ததும், பையனுக்குப் பக்கத்திலிருந்த பெரியவர், "யாரோட அப்பா?" என்று கேட்டார். "நானா?" என்று மறுபடி கேட்டார். அப்புறம் அந்த இடம் அமளிதுமளியாகிவிட்டது. மூலையிலிருந்த ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவே இல்லை. அவள் அப்பா நிஜமாகவே போன வருஷம்தான் இறந்திருந்தார். "இனிமே நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்கல்ல?" என்றாள்.

அரை மணியில் எல்லோருடைய கடவுச்சொல்லும் கைக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்து, நடந்ததை விளக்கி என் மகள் பல்கலைக்கழகத்துக்குப் பிரெஞ்சில் எழுதினாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாக்களும் போட்டோம்.

மறுநாள் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனேன். எழுதிக்கொள்கிறவர் பேனாவை மூடிவிட்டு, "நீங்கதான் நல்லா இருக்கீங்களே, அப்புறம் என்ன புகார்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச முடிந்தது. அன்று அவர் எழுதி வாங்கிய காகிதம் இன்றுவரை எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. கோட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளி, வேறு பெயரில், பெரிய பலகை மாட்டிக் கடையைத் திறந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. உங்கள் விளக்கத்தை நம்புகிறோம், ஆனால் கையெழுத்திட்ட ஆவணத்துக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு, எனவே இந்த ஆண்டு இடமில்லை, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கத் தடையில்லை.

"நம்பறாங்களாம்பா" என்றாள் மகள். "நம்பிக்கிட்டே வேண்டாம்னு சொல்றாங்க."

அன்றுதான் அழுதாள். நேர்காணலில் அழாதவள், கோட்டுக்காரர் முன்னால் கலங்காதவள், தட்டில் சாதம் ஆற ஆற அழுதாள். அவள் அம்மா ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கோட்டை உருவி அவன் வாயில திணிக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அழுகைக்கு நடுவில் மகள் சிரித்துவிட்டாள்.

அடுத்த வருஷம் அவளே விண்ணப்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் அவளே நிரப்பினாள், ஒன்றிலும் குழப்பம் வரவில்லை. கடிதத்தில் ஒரு வரிகூட மாற்றவில்லை, மூன்றை நான்காக்கியதைத் தவிர. நான்காம் முறையும் அறிக்கை கொடுத்துவிட்டாளே. நேர்காணலில் அதே பேராசிரியர். தொட்டியைப் பற்றித்தான் கேட்டாராம். இடம் கிடைத்தது. போன மாதம் கிளம்பிப் போனாள்.

சொந்தக்காரர்கள், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, ஒரு வருஷம்தானே போச்சு" என்கிறார்கள். யாருடைய வருஷம்? விடியுமுன் எழுந்து மாடியேறி, வேலைக்கு ஓடி, ராப்பகலாக ஒரு மொழியைத் தொண்டைக்குள் இறக்கியவளின் வருஷம். அதை எடுத்தவன் கோட்டு கசங்காமல் உட்கார்ந்திருக்கிறான். அந்த மூலையில் இருந்த பெண் அப்புறம் விண்ணப்பிக்கவே இல்லை என்று கேள்வி.

எனக்கு மனசு ஆறவில்லை. ஆறச் சொல்லி யாரும் என்னிடம் வர வேண்டாம்.